வீட்டு வாசலுக்கு ஏற்ற தளம் எது?

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., வேதியியல்)

முன்னுரை

வீடு கட்டுகிறவர்கள் அடித்தளத்திற்கும் சுவருக்கும் கூரைக்கும் கணக்குப் பார்த்துச் செலவு செய்வார்கள். எல்லாம் முடிந்து, கையில் எஞ்சியிருக்கும் பணத்தில்தான் வாசலைப் பற்றி நினைப்பார்கள். தெருவிலிருந்து வீட்டு வாசற்படி வரை உள்ள அந்தச் சிறு நிலப்பகுதி, வண்டி ஏறி இறங்கும் இடம். பெரியவர்கள் நடமாடும் இடம். மழை நீர் வடிந்து போகும் இடம். அதிகாலையில் கோலம் விழும் இடம். வீட்டின் வேறு எந்தப் பகுதிக்கும் இத்தனை வேலைகள் இல்லை எனலாம்.

"பராமரிப்புச் செலவு அதிகம் இல்லாத தளம் எது?" என்று கேட்டால் ஆளுக்கொரு விடை சொல்வார்கள். ஒருவர் கான்கிரீட் என்பார். மற்றொருவர் கருங்கல் என்பார். கடைக்காரர் தம்மிடம் விற்பனைக்கு உள்ளதையே சொல்வார். இவ்விடைகள் எல்லாம் மேலே தெரியும் பொருளைப் பற்றியவை. கீழே உள்ள மண்ணைப் பற்றி யாரும் கேட்பதில்லை. பராமரிப்பைக் கூட்டுவதும் குறைப்பதும் பெரும்பாலும் அந்த மண்ணும், நீர் வடியும் வழியுமே என்பதை எடுத்துக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இது எனக்குப் பாடப்புத்தகத்திலிருந்து மட்டும் வந்த பொருள் அன்று. சென்ற ஆண்டு எங்கள் வீட்டு வாசலுக்குத் தளம் போட வேண்டியிருந்தது. என் தந்தை லோடு ஆட்டோ ஓட்டுகிறார். எங்கள் ஊர் கரிசல் பூமி. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் ஆட்டோ வாசலிலேயே புதைந்துவிடும். அதைத் தள்ளி வெளியே எடுப்பதற்குள் அன்றைய சரக்கு வேறு வண்டிக்குப் போய்விடும். ஆகவே சீட்டுப் பணம் எடுத்துத் தளம் போடுவதென்று முடிவாயிற்று. "நம்ம வீட்டுல படிச்சது நீ ஒருத்திதான் தாயி. நாலு பேருகிட்ட கேட்டு, எது போட்டா நெலைக்கும்னு நீயே சொல்லு" என்றார் தந்தை. ஒரு முறைதான் அந்தப் பணம் கிடைக்கும். தவறான தளத்தைப் போட்டால் மறுபடி போட வழியில்லை. அந்தப் பொறுப்போடு நான் படித்தும், கேட்டும், சோதித்தும் அறிந்தவற்றை இங்கே தொகுத்து அளிக்கிறேன்.

தளத்திற்கு என்னென்ன வேலைகள்?

பொருளைத் தேர்ந்தெடுக்குமுன், அதனிடம் நாம் எதிர்பார்ப்பதை எழுதி வைத்துக்கொள்வது நல்லது. எங்கள் வாசல் சுமார் 20 அடி நீளம், 10 அடி அகலம். கணக்கின் எளிமைக்காக 6 மீட்டர், 3 மீட்டர் என்று கொள்வோம். பரப்பு 18 சதுர மீட்டர்.

முதலாவது, சரக்குடன் சேர்த்து ஏறத்தாழ ஒரு டன் எடையுள்ள வண்டி நாள்தோறும் ஏறி இறங்க வேண்டும். இரண்டாவது, செருப்பணியாத என் பாட்டி மழையிலும் வழுக்காமல், வெயிலிலும் கால் சுடாமல் நடக்க வேண்டும். மூன்றாவது, மழை நீர் தேங்கக் கூடாது. 5 சென்டிமீட்டர் மழை பெய்தால் 18 சதுர மீட்டரில் விழும் நீர் 900 லிட்டர். அது போக ஒரு வழி வேண்டும். நான்காவது, பழுது ஏற்பட்டால் கொத்தனாரை அழைக்காமல் வீட்டாரே சரிசெய்யும்படி இருக்க வேண்டும்.

இந்த நான்காவது தேவையை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். பழுதே வராத தளம் என்று உலகில் ஒன்றும் இல்லை. எளிதில் சரிசெய்யக்கூடிய பழுது, சரிசெய்யவே முடியாத பழுது என்று இரண்டு வகை உண்டு. இவற்றில் முதல் வகை வரும் தளத்தையே பராமரிப்பு குறைந்த தளம் என்று நான் கொள்கிறேன்.

மெக்காடம் கற்பித்த பாடம்

நாம் கப்பிச் சாலை என்று சொல்லும் சாலைக்கு ஆங்கிலத்தில் மெக்காடம் சாலை என்று பெயர். ஜான் லவுடன் மெக்காடம் (1756-1836) என்னும் ஸ்காட்லாந்துக்காரரின் பெயரால் அது வழங்குகிறது. 1816-இல் இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரச் சாலைகளின் மேற்பார்வைப் பொறுப்பை ஏற்ற அவர், அக்காலத்தார் நம்பியதற்கு மாறான ஒரு கருத்தைச் சொன்னார். சாலையின் பளுவைத் தாங்குவது மேலே போடும் கல் அன்று. கீழே உள்ள இயற்கை மண்ணே தாங்குகிறது. அந்த மண் உலர்ந்திருக்கும் வரை எந்தப் பளுவையும் தாங்கும். ஆகவே மேலே போடும் கல்லின் வேலை, மண்ணை நனையாமல் காப்பதும் பளுவைப் பரப்பிக் கொடுப்பதுமே ஆகும் என்பது அவர் கொள்கை. பெருங்கற்களை அடுக்குவதை விட்டு, 6 அவுன்சுக்கு மேற்படாத, அதாவது சுமார் 170 கிராம் எடைக்குள் அடங்கும் உடைகற்களைப் பரப்பி, சாலையின் நடுவைச் சற்று உயர்த்தி, இரு பக்கமும் நீர் வடியச் செய்தார்.

பளுவைப் பரப்புதல் என்றால் என்ன? எளிய கணக்கு ஒன்று பார்ப்போம். வண்டியின் ஒரு சக்கரம் 350 கிலோ எடையுடன், 10 சென்டிமீட்டர் சதுரத்தில் தரையைத் தொடுகிறது என்று கொள்வோம். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 3.5 கிலோ அழுத்தம். கீழே 20 சென்டிமீட்டர் கனத்திற்கு இறுக்கமான கல் படுகை இருந்து, அழுத்தம் 45 பாகைச் சரிவில் விரிந்து இறங்கினால், மண்ணைத் தொடும் இடத்தில் அது 50 சென்டிமீட்டர் சதுரமாகிவிடும். பரப்பு 25 மடங்கு கூடுகிறது; அழுத்தம் 0.14 கிலோவாகக் குறைகிறது. இது தோராயக் கணக்கே. ஆயினும், கண்ணுக்குத் தெரியாத படுகை எவ்வளவு பெரிய வேலையைச் செய்கிறது என்பது இதனால் விளங்கும். சுவர் இருந்தால்தான் சித்திரம் என்பது தரைக்கும் பொருந்தும்.

கரிசல் மண்ணின் இயல்பு

செம்மண் நிலத்தில் வீடு உள்ளவர்களுக்கு மெக்காடத்தின் பாடம் பாதி போதும். கரிசல் நிலத்தாருக்கு அது முழுமையாகத் தேவை.

கரிசல் மண்ணில் மான்ட்மொரில்லோனைட் என்னும் களிமண் கனிமம் மிகுந்துள்ளது. பிரான்சு நாட்டின் மான்ட்மொரில்லோன் என்ற ஊரின் பெயரால் 1847-இல் பெயரிடப்பட்ட கனிமம் அது. சிலிக்காவும் அலுமினாவும் சேர்ந்த மெல்லிய ஏடுகள், சீட்டுக் கட்டைப் போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுங்கியிருக்கும். ஏடுகளுக்கிடையே சோடியம், கால்சியம் முதலிய அயனிகள் உள்ளன. இவ்வயனிகள் நீரை உள்ளே இழுக்கின்றன. உலர்ந்த நிலையில் சுமார் 10 ஆங்ஸ்ட்ராமாக இருக்கும் ஏட்டு இடைவெளி, நீர் புகும்போது இரண்டு மடங்குக்கு மேலும் விரியக்கூடும். கோடியே கோடி ஏடுகள் ஒரே சமயத்தில் விரிந்தால் தரையே எழும்புகிறது. கோடையில் நீர் வெளியேறினால் தரை சுருங்கி, கை நுழையும் அளவுக்குப் பிளக்கிறது. கரிசல் காட்டில் சித்திரை மாதம் நடந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இப்படி மூச்சு விடுவது போல ஏறி இறங்கும் தரையின்மேல் விறைப்பான பலகை ஒன்றை வைத்தால் என்ன ஆகும்? பலகையின் நடுப்பகுதிக்குக் கீழே ஈரம் மாறாமல் இருக்கும். ஓரங்களில் மட்டும் மழைக்கு ஈரமும் வெயிலுக்கு உலர்வும் மாறி மாறி வரும். ஓரம் ஏறும், இறங்கும், நடு அசையாது. நாளடைவில் பலகை வெடிக்கும். எங்கள் தெருவில் கான்கிரீட் வாசல்கள் பலவற்றில் ஓரத்திற்கு இணையாக நீண்ட வெடிப்புகள் ஓடுவதன் காரணம் இதுவே. சிமெண்டில் கலப்படம் என்று கொத்தனார்மேல் பழி போடுகிறார்கள். உண்மையில் பல இடங்களில் குற்றவாளி மண்தான்.

ஆய்வகத்தில் ஒரு சோதனை

எங்கள் வாசல் மண் எவ்வளவு உப்புகிறது என்று அறிய, பேராசிரியரின் அனுமதி பெற்று நம் ஆய்வகத்திலேயே ஒரு சோதனை செய்தேன். இந்தியத் தர நிறுவனத்தின் ஐ.எஸ். 2720, 40-ஆம் பகுதி (1977) இதன் முறையைக் கூறுகிறது. எவரும் செய்யக்கூடிய எளிய சோதனை இது.

மண்ணை உலர்த்தி, 425 மைக்ரான் சல்லடையில் சலித்து, 10 கிராம் வீதம் இரண்டு பங்குகள் எடுக்க வேண்டும். 100 மில்லிலிட்டர் அளவுசாடிகள் இரண்டில் ஒவ்வொரு பங்கையும் இட்டு, ஒன்றில் காய்ச்சி வடித்த நீரையும் மற்றொன்றில் மண்ணெண்ணெயையும் நிரப்பி, கலக்கிக் காற்றுக் குமிழிகளைப் போக்கி, 24 மணி நேரம் அசையாமல் வைக்க வேண்டும். மண்ணெண்ணெய் எதற்கு? அது முனைவுத்தன்மை இல்லாத திரவம். களிமண் ஏடுகளுக்கிடையே அது நுழைந்து விரிப்பதில்லை. ஆகவே மண்ணின் உப்பாத கன அளவை அது காட்டும். நீரில் உள்ள கன அளவுக்கும் மண்ணெண்ணெயில் உள்ள கன அளவுக்கும் உள்ள வேறுபாட்டை, பின்னதன் சதவிகிதமாகச் சொல்வதே உப்பல் குறியீடு.

எங்கள் வாசல் மண் மண்ணெண்ணெயில் 12 மில்லிலிட்டரும் நீரில் 22 மில்லிலிட்டரும் நின்றது. வேறுபாடு 10, குறியீடு சுமார் 83 சதவிகிதம். உப்பல் குறியீடு 50 சதவிகிதத்திற்கு மேற்பட்ட மண்ணைச் சாலைக் கரைகளில் நிரப்பக் கூடாது என்பது நெடுஞ்சாலைத் துறையினரின் விதி. எங்கள் ஆட்டோ நின்றுகொண்டிருந்தது அத்தகைய மண்ணின்மேல்தான்.

பிறகு அதே மண்ணில் எடைக்கு 4 சதவிகிதம் நீற்றிய சுண்ணாம்பைக் கலந்து, ஈரம் காயாமல் ஒரு வாரம் மூடி வைத்து, மீண்டும் உலர்த்திச் சோதித்தேன். இம்முறை மண்ணெண்ணெயில் 12, நீரில் 14. குறியீடு 17 சதவிகிதத்திற்கு இறங்கிவிட்டது.

இந்த மாற்றத்தின் இரசாயனம் சுவையானது. சுண்ணாம்பின் கால்சியம் அயனிகள், ஏடுகளுக்கிடையே உள்ள சோடியம் முதலிய அயனிகளை வெளியேற்றி அவ்விடத்தில் அமர்கின்றன. இரட்டை மின்னூட்டம் கொண்ட கால்சியம், ஏடுகளை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. நுண்துகள்கள் ஒன்றுசேர்ந்து குருணைகளாகின்றன. பிசுபிசுத்த மண் உதிரியாக மாறுவதைக் கையாலேயே உணரலாம். இது முதற்கட்டம். சுண்ணாம்பு நீரின் பி.எச். மதிப்பு சுமார் 12.4 அல்லவா? அந்த வன்காரத்தில் களிமண்ணின் சிலிக்காவும் அலுமினாவும் மெல்லக் கரைந்து, கால்சியத்துடன் கூடி, சிமெண்டில் உண்டாவது போன்ற பிணைப்புப் பொருள்களைத் தருகின்றன. இது வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் நடக்கும் இரண்டாம் கட்டம்.

பொருள்கள் ஒவ்வொன்றாக

இனி மேற்தளப் பொருள்களைப் பார்ப்போம்.

சரளையும் கிராவலும்: செலவு மிகக் குறைவு. வெடிக்க எதுவுமில்லை, தரை அசைந்தால் தானும் அசைந்து கொடுக்கும். ஆனால் சக்கரம் திரும்பும் இடத்தில் கல் ஒதுங்கும், களை முளைக்கும், ஓரத்தில் தடுப்பு இல்லாவிட்டால் ஆண்டுதோறும் தெருவுக்குப் போய்ச் சேரும். கரிசல்மேல் நேராகக் கொட்டினால் ஒரே மழைக்காலத்தில் கல் மண்ணுக்குள் புதைந்து மறையும். வெறுங்காலில் நடப்பவர்களுக்கும் ஏற்றதன்று.

தார்: சிறு வாசலுக்கு உரிய இயந்திரங்களைக் கொண்டுவருவதே கடினம். அன்றியும், புதுத் தார் தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ 5 சதவிகிதத்தையே திருப்பி அனுப்பும். மீதி எல்லாம் வெப்பமாகத் தங்கிவிடும். நம் சாலைகளில் பயன்படும் வி.ஜி. 30 வகைத் தாரின் இளகுநிலைக்குக் குறைந்த அளவாக 47 பாகை செல்சியஸ் விதிக்கப்பட்டுள்ளது. கோடை நண்பகலில் தார்த்தளம் 60 பாகையையும் தாண்டக்கூடும். வண்டி நிற்கும் இடத்தில் பள்ளம் விழும். ஒத்தது ஒத்ததைக் கரைக்கும் என்பது வேதியியல் விதி; தார் பெட்ரோலியத்தின் பிள்ளை. வண்டியிலிருந்து சொட்டும் டீசல் அதைக் கரைத்துவிடும்.

கான்கிரீட்: நல்ல செம்மண், பாறை நிலங்களில் இதற்கு இணையில்லை எனலாம். ஆனால் மூன்று விதிகளை மீறாமல் இருக்க வேண்டும். ஒன்று, நீர். வேலை எளிதாகட்டும் என்று கலவையில் கூடுதலாக ஊற்றும் நீர், பின்னர் ஆவியாகி நுண்துளைகளை விட்டுச் செல்லும், வலிமை குறையும். இரண்டு, நீராற்றுதல். சிமெண்டு காய்ந்து இறுகுவதில்லை. நீருடன் வினைபுரிந்து இறுகுகிறது. சாதாரண சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாட்களும், வெயிலும் வறட்சியும் உள்ள இடங்களிலும் கலப்புச் சிமெண்டுக்கும் 10 நாட்களும் ஈரம் காக்க வேண்டும் என்று ஐ.எஸ். 456 (2000) கூறுகிறது. மூன்று, இணைப்பு வெட்டுகள். கான்கிரீட் ஒரு பாகை வெப்பத்திற்குத் தன் நீளத்தில் இலட்சத்தில் ஒரு பங்கு நீளும். 6 மீட்டர்த் தளம் 30 பாகை வேறுபாட்டில் 1.8 மில்லிமீட்டர் நீளும், சுருங்கும். உலரும்போதும் சுருக்கம் உண்டு. ஆகவே 4 அங்குலத் தளத்தில் 8 முதல் 10 அடிக்கு ஒரு வெட்டு, கனத்தில் கால் பங்கு ஆழத்திற்கு விட வேண்டும். வெட்டு விடாவிட்டால் கான்கிரீட் தானே ஒரு வெட்டை உண்டாக்கிக்கொள்ளும். அதைத்தான் வெடிப்பு என்கிறோம்.

எங்கள் வாசலுக்கு 4 அங்குலக் கனத்தில் 1.8 கன மீட்டர் கான்கிரீட் தேவை. ஒன்றுக்கு ஒன்றரை மணல், மூன்று ஜல்லி என்னும் கலவைக்குக் கன மீட்டருக்குச் சுமார் 8 மூட்டை; ஆக 14 அல்லது 15 மூட்டைச் சிமெண்டு. இவ்வளவும் போட்டபின் கரிசல் அதை வெடிக்க வைத்தால், ஒட்டுப்போடலாம். பழையபடி ஆக்க முடியாது.

கடப்பாக்கல்: ஆந்திரத்தின் கடப்பைப் பகுதியிலிருந்து வரும் இக்கல் ஒரு சுண்ணாம்புக்கல். மழுங்கிய ஒரு துளி ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை விட்டால் நுரைத்துக் கரியமில வாயுவை வெளியிடும். எனவே அமிலம் ஊற்றிக் கழுவினால் மேனி கெடும். எலுமிச்சைச் சாறு, புளிக்கரைசல் பட்டாலும் பளபளப்பு மங்கும். பலகையாகப் பிளந்து வரும் கல்லாதலால், அடியில் வெற்றிடம் இருந்தால் சக்கரப் பளுவில் உடையும். திண்ணைக்கும் சமையல் மேடைக்கும் நல்லது, வண்டிக்கு உகந்ததன்று.

கருங்கல்: வலிமையிலும் ஆயுளிலும் முதலிடம் இதற்கே. நம் கோயில் பிரகாரங்களே சான்று. சென்னைப் பரங்கிமலைப் பகுதியின் பாறைக்குச் சார்னகைட் என்று பெயர். கல்கத்தாவில் ஜாப் சார்னக் என்பவரின் கல்லறைக்கல்லை ஆராய்ந்த தாமஸ் ஹாலண்டு 1893-இல் சூட்டிய பெயர் அது. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் கடந்த கல்லறைக்கல், ஆராய்ச்சிக்கு ஏற்ற நிலையில் நின்றது என்றால் அதன் உறுதியைச் சொல்ல வேண்டுமோ? ஆயினும் வாசலுக்கு மெருகிட்ட கல் ஆகாது, ஈரத்தில் வழுக்கும். கொத்திச் சொரசொரப்பாக்கிய கல் வேண்டும். அதன் விலையும் கூலியும் எங்கள் சீட்டுப் பணத்திற்கு எட்டாதவை.

பேவர் பிளாக்: இரண்டாம் உலகப் போருக்குப் பின் நெதர்லாந்தில் செங்கல் பாவிய தெருக்களுக்கு மாற்றாகக் கான்கிரீட் கற்கள் பெருகின. இன்று நம் சிற்றூர்த் தெருக்கள் வரை வந்துவிட்டன. இதற்கு ஐ.எஸ். 15658 (2006) என்னும் தர விதி ஏற்பட்டது. நடைபாதைக்கு 50 மில்லிமீட்டர்க் கனம் போதும். இலேசான வண்டிகளுக்கு 60 மில்லிமீட்டர் வேண்டும். ஒவ்வொரு கல்லும் தனித்தனி. கற்களுக்கிடையே உள்ள மணலே உராய்வினால் பளுவை அண்டைக் கல்லுக்குக் கடத்துகிறது. தரை சிறிது அசைந்தால் இணைப்புகள் அசைந்து கொடுக்கும், கல் வெடிக்காது. பள்ளம் விழுந்தால் அந்த இடத்துக் கல்லை மட்டும் எடுத்துச் சரிசெய்து, அதே கல்லைத் திரும்பப் போடலாம்.

இதற்குக் குறைகளும் உண்டு. இணைப்பு வழியே ஓரளவு நீர் இறங்கும். கரிசலில் இது ஆபத்து. ஓரத்தில் உறுதியான கட்டு இல்லாவிட்டால் கற்கள் விலகிக்கொண்டே போகும். இடுக்குகளில் புல் முளைக்கும், எறும்பு மணலைத் தள்ளும்.

எடுத்த முடிவும் செய்த முறையும்

எங்கள் கொத்தனார் அனுபவம் மிக்கவர். "அஞ்சு அங்குலம் கான்கிரீட்டப் போட்டு விட்ருவோம். கல்லுக் கோத்தா பொலபொலன்னு வந்துரும்" என்றார். அவர் சொன்னதும் கண்ணால் கண்டதுதான். ஊரில் பல இடங்களில் கரிசலைச் சற்றுச் சுரண்டி, கைம்மணலைத் தூவி, கல்லைக் கோத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அது பொலபொலத்துத்தான் போகும். வாசல் மண்ணைக் கொண்டு வீட்டிலும் இரண்டு கண்ணாடிக் குடுவைகளில் அதே சோதனையை வைத்துக் காட்டினேன். கொத்தனார் குடுவைகளை நெடுநேரம் பார்த்துவிட்டு, "அப்ப மொதல்ல மண்ணுக்கு வைத்தியம் பாக்கணும்" என்றார். நான் சொல்ல வந்ததை என்னைவிட நன்றாகச் சொல்லிவிட்டார்.

பேவர் பிளாக் என்று முடிவு செய்தோம். வேலையை மாசி மாதத்தில் தொடங்கினோம். கரிசல் முழுதும் உலர்ந்து பிளந்திருக்கும் கோடையில் தளம் போட்டால் மழையில் அது உப்பும். நனைந்திருக்கும் ஐப்பசியில் போட்டால் கோடையில் சுருங்கும். இரண்டுக்கும் இடைப்பட்ட ஈரம் உள்ள காலமே உகந்தது.

முதலில் 24 சென்டிமீட்டர் மண்ணை வெட்டி எடுத்தோம். அதற்கும் கீழே 15 சென்டிமீட்டர் ஆழத்திற்குக் கொத்திவிட்டு, நீற்றிய சுண்ணாம்பு கலந்தோம். 18 சதுர மீட்டருக்கு இது 2.7 கன மீட்டர் மண். எடை ஏறத்தாழ 4 டன். அதில் 4 சதவிகிதம் 160 கிலோ சுண்ணாம்பு. சுண்ணாம்பைக் கையாளும்போது கண்ணையும் தோலையும் காத்துக்கொள்ள வேண்டும். நீர் தெளித்துக் கிளறி, திமிசு போட்டு இறுக்கி, ஒரு வாரம் ஈரச் சாக்கால் மூடினோம். இந்த மட்டத்திலேயே 50-க்கு 1 சரிவு கொடுத்துவிட்டோம். 6 மீட்டருக்கு 12 சென்டிமீட்டர் இறக்கம். சரிவை மேலே மட்டும் கொடுப்பது போதாது. இணைப்பு வழியே இறங்கும் நீர், சுண்ணாம்பு மண்ணின்மேல் வழிந்து வெளியேற அங்கும் சரிவு வேண்டும்.

அதன்மேல் 15 சென்டிமீட்டர் கனத்திற்குச் சிறிதும் பெரிதுமான ஜல்லியும் துகளும் கலந்த படுகை. இறுக்கிய பின் 2.7 கன மீட்டர் வர வேண்டுமானால், தளர்வாக 3.4 கன மீட்டர் வாங்க வேண்டும். ஏறத்தாழ ஒன்றேகால் யூனிட். அதை இரண்டு அடுக்காகப் பரப்பி, வாடகை இயந்திரத்தால் அதிர்த்து இறுக்கினோம். மூன்று பக்கமும் கான்கிரீட் ஓரக்கட்டு. பின்னர் 3 சென்டிமீட்டர் எம்-சாண்ட் விரிப்பு. அதன்மேல் 6 சென்டிமீட்டர்க் கனக் கற்கள். 20 சென்டிமீட்டர் நீளம், 10 சென்டிமீட்டர் அகலமுள்ள கல் சதுர மீட்டருக்கு 50. ஆக 900 கற்கள், உடைவதற்குச் சில கூடுதல். கடைசியில் நுண்மணலைத் தூவி இடுக்குகளில் பெருக்கி, மீண்டும் அதிர்த்தோம்.

வேப்பமரத்தைச் சுற்றி மூன்றடி வெறும் நிலமாக விட்டோம். வேர் தடித்தால் எந்தத் தளத்தையும் தூக்கிவிடும். வடிநீரை வீட்டுச் சுவரோரம் விடாமல், வாய்க்கால் வழியாக நிலத்தின் கோடியில் உள்ள குழிக்குக் கொண்டு சென்றோம். தமிழ்நாட்டில் 2003-இல் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. அது நல்ல சட்டம். ஆனால் கரிசலில் சேகரிப்புக் குழியைச் சுவருக்கும் தளத்திற்கும் தள்ளியே வைக்க வேண்டும். வாசற்படிக்கு முன்னே நான்கடிச் சதுரத்திற்கு மட்டும் கொத்திய கருங்கல் ஒன்றை இட்டோம். பேவர் கல்லின் கோடுகளுக்கிடையே புள்ளி வைத்தால் கோலம் சிதைகிறது என்பது என் தாயார் கூறிய குறை. அதைப் பொறியியல் நூல் எதுவும் சொல்லவில்லை.

பராமரிப்பு எவ்வளவு?

ஒரு மழைக்காலம் கடந்துவிட்டது. தெருமுனையிலிருந்து ஆட்டோ திரும்பி ஏறும் இடத்தில் ஏழெட்டுக் கற்கள் ஒரு விரற்கடை இறங்கின. என் தந்தை ஒரு கடப்பாரையால் அவற்றை நெம்பி எடுத்து, மணலிட்டுத் தட்டி, அதே கற்களை வைத்து முடித்தார். அரை மணி நேரம் ஆயிற்று, காசு செலவில்லை. அந்த இரண்டு மாதங்களில் ஆட்டோ ஒரு நாள்கூட வாசலில் சிக்கவில்லை.

தொடக்கத்தில் கற்களில் வெண்ணிறப் பூச்சு தோன்றியது. சிமெண்டின் கால்சியம் ஹைட்ராக்சைடு ஈரத்துடன் மேலே வந்து, காற்றிலுள்ள கரியமில வாயுவுடன் சேர்ந்து கால்சியம் கார்பனேட்டாகப் படிவதே அது. கல் கெட்டுவிட்டது என்று அஞ்ச வேண்டியதில்லை. அமிலம் ஊற்றவும் கூடாது. மழையிலும் புழக்கத்திலும் மறைந்துவிடும். இனி ஆண்டுக்கொரு முறை இடுக்குகளில் மணல் தூவிப் பெருக்குவது, புல்லைச் சிறிதாயிருக்கும்போதே பிடுங்குவது, நிழல் பக்கத்துப் பாசியைத் துடைப்பத்தால் தேய்ப்பது, வாய்க்காலை ஐப்பசிக்கு முன் தூர்வாருவது ஆகிய நான்கே வேலைகள்.

முடிவுரை

எல்லோரும் பேவர் பிளாக் போட வேண்டும் என்பது என் கருத்தன்று. பாறையோ இறுகிய செம்மண்ணோ உள்ள இடத்தில், முறையாக வெட்டு விட்டு நீராற்றிய கான்கிரீட் தலைமுறைக்கு நிற்கும். வண்டி இல்லாத வீட்டுக்குச் சரளையும் சில நடைகற்களும் போதும். கல் மலிவாகக் கிடைக்கும் ஊரில் கருங்கல்லை விடக் கூடாது. பொருள் இடத்துக்கு இடம் மாறும். கேட்க வேண்டிய கேள்விகள் மாறா. என் மண் நனைந்தால் என்ன செய்கிறது? விழும் நீர் எந்த வழியாகப் போகிறது? பளுவைப் பரப்ப அடியில் எவ்வளவு படுகை இருக்கிறது? கெட்டுப்போனால் யார் சரிசெய்வது? இந்த நான்கு கேள்விகளுக்கும் விடை கண்டபின் கடைக்குப் போகலாம்.

மாணவ நண்பர்களே, நம்மில் பலர் நம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்கள். அயனிப் பரிமாற்றத்தைத் தேர்வுக்காகப் படிக்கிறோம். அதே அயனிப் பரிமாற்றம் நம் வாசல் மண்ணில் நடந்துகொண்டிருக்கிறது. வீட்டில் ஒரு செலவு வரும்போது, "நீ படிச்சவன், நீ சொல்லு" என்று பெற்றோர் நம் முகத்தைப் பார்ப்பார்கள். அப்போது ஊகமாகச் சொல்லாமல், ஒரு பிடி மண்ணை எடுத்துக்கொண்டு ஆய்வகத்திற்கு வாருங்கள். 10 கிராம் மண், இரண்டு சாடி, ஒரு நாள் பொறுமை போதும். பேராசிரியர்கள் உதவக் காத்திருக்கிறார்கள்.